கிளீனர் துடைப்பது எதை?

லாரி கிளீனரைப் பற்றிக் கோவை மாணவி ஒருவர் கேட்ட கேள்வியை வெளியிட்டோம். மறுவாரமே சங்ககிரி, நாமக்கல், கிள்ளான் என்று லாரி போகிற ஊரிலிருந்தெல்லாம் தபால் வந்துவிட்டது. ஒன்றையும் ஒதுக்க மனம் வரவில்லை. இந்த இதழின் பதில்கள் முழுக்க அந்த ஒரு சொல்லுக்கும் அந்தச் சொல்லைச் சுமப்பவர்களுக்கும்.

கே: ‘லாரி கிளீனர் காயம்’ என்று செய்தியில் படித்தேன். லாரியைக் கழுவுவதற்கென்றே ஓர் ஆளைக் கூடவே கூட்டிப் போவார்களா? (கல்லூரி மாணவி, கோவை)

ப: கழுவவும் செய்வார், தண்ணீரும் நேரமும் கிடைக்கும்போது. மற்ற நேரமெல்லாம் அவருக்கு வேறு வேலை.

காலையில் டிரைவர் எழும் முன்பே எழுந்து, இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்று வருவார். காற்று நிறைந்த டயரில் கம்பி ‘டங்’ என்று எகிறும். இறங்கிப்போன டயரில் ‘பொத்’ என்று அமுங்கும். பின்பக்கம் டயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியில் ஒன்று பஞ்சரானாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் இரண்டின் பாரமும் மிச்சமிருக்கும் ஒன்றின் மேல் ஏறி, அது சூடாகி, வெடிக்கும். ஜோடிக்கு நடுவே ஜல்லிக்கல் சிக்கியிருந்தால் அதையும் நெம்பி எடுக்க வேண்டும். ஓட்டத்தில் அது தெறித்தால் பின்னால் பைக்கில் வருபவரின் முகம்தான் இலக்கு. பிறகு ரேடியேட்டர் தண்ணீர், ஆயில், ஏர் டேங்கில் இரவு தேங்கிய நீரைத் திறந்துவிடுவது, விளக்கு, கண்ணாடி.

வண்டி நகர்ந்ததும் அவர் அதன் இடது கண். நம் நாட்டில் ஸ்டீயரிங் வலது பக்கம். உயரமான கேபினில் வலது ஓரம் உட்கார்ந்திருப்பவருக்கு இடது முன்சக்கரத்தை ஒட்டி நுழையும் ஸ்கூட்டர் தெரியாது. கிளீனருக்குத் தெரியும். ‘லெஃப்ட்ல பைக்குண்ணா’ என்ற ஒரு குரலில் தப்பித்த உயிர்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கி ஓடி, பாடியைத் தட்டி, ‘வரட்டும்... வரட்டும்... ஹோல்டான்!’ என்பதும் அவர்தான். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வண்டி வந்துவிட்டால், இறங்கி நின்று இரண்டு டிரைவர்களுக்கும் வழி சொல்பவரும் அவரே. மேட்டில் வண்டி நின்றுபோனால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். கொஞ்சம் தாமதித்தால் கட்டை வைக்கும் கை போய்விடும்.

இதற்கு மேல் தார்ப்பாய். லோடு ஏறியதும் மேலே ஏறி விரித்து, கயிறு இழுத்துக் கட்டி, கொஞ்ச தூரம் ஓடி லோடு அமுங்கியதும் நிறுத்திச் சொருகி, மறுபடி இறுக்க வேண்டும். லோடு இறக்குமிடத்தில் பில்லையும் இ-வே பில்லையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். ரோட்டோரத்தில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்க வேண்டும். டிரைவர் தூங்கும்போது டீசலுக்கும் லோடுக்கும் காவல். டிரைவர் ஓட்டும்போது அவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுப்பது. இத்தனைக்கும் சேர்த்து நாம் வைத்திருக்கும் பெயர்தான் கிளீனர்.

கே: அப்படியானால் அந்தப் பெயர் எப்படி ஒட்டியது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு)

ப: ரயிலைப் பாருங்கள். நீராவி எஞ்சின் காலத்தில் பிரிட்டனிலும், அதே முறையைப் பின்பற்றிய இந்தியாவிலும், லோகோ ஷெட்டில் கால் வைக்கும் இளைஞருக்கு முதல் பதவி கிளீனர். எஞ்சினின் எண்ணெய்ப் பிசுக்கையும் கரியையும் துடைப்பது வேலை. துடைக்கத் துடைக்க எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று கைக்குப் பழகிவிடும். அடுத்த படி ஃபயர்மேன், கரி அள்ளிப் போடுபவர். அதற்கு மேல்தான் டிரைவர். ஆக, கிளீனர் என்பது அங்கே ஏணியின் முதல் படி. லாரித் தொழிலிலும் வரிசை அதேதான்: கிளீனர், பிறகு கை பழகியவர், பிறகு டிரைவர். ரயிலிலிருந்து லாரிக்கு இந்தச் சொல் நேராக இறங்கி வந்ததற்குச் சீட்டு எதுவும் என் கையில் இல்லை. ஆனால் ஏணியும் சொல்லும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க மாட்டேன்.

வண்டித் தொழிலின் பெயர்களே இப்படித்தான். செய்கிற வேலை மாறிய பிறகும் பழைய வேலையின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். கார் ஓட்டுபவரைக் குறிக்கும் ‘ஷோஃபர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலப் பொருள் சூடேற்றுபவர். கொதிகலனுக்கு நெருப்பு மூட்டியவரின் பெயர் அது. அமெரிக்காவில் லாரி டிரைவரை ‘டீம்ஸ்டர்’ என்கிறார்கள். ஒரே வண்டியில் பூட்டிய குதிரைகளையோ கோவேறு கழுதைகளையோ ஓட்டியவர் என்று பொருள். 1903இல் அமைந்த அவர்களுடைய தொழிற்சங்கத்தின் சின்னத்தில் இன்றைக்கும் இரண்டு குதிரைத் தலைகள் இருக்கின்றன.

கே: கிளீனருக்கு நல்ல தமிழ்ச் சொல் தாருங்கள். ‘துப்புரவாளர்’ சரியா? (தமிழ்ப் பட்டதாரி, தஞ்சாவூர்)

ப: சரியில்லை. ஆங்கிலத்தில் இருக்கும் குறையை அது அப்படியே தமிழுக்குக் கொண்டுவருகிறது. ‘உதவியாளர்’ என்று எழுதுகிறார்கள். மேடை, அலுவலகம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் அது, லாரிக்கென்று எதுவும் சொல்லாது. அரசு ஆவணத்துக்கு வேண்டுமானால் ‘துணை ஓட்டுநர்’ என்பேன், அவர் எங்கே போய்ச் சேரப்போகிறார் என்பதை அது சொல்லும் என்பதால். ரோட்டில் கிளீனர் என்றே சொல்லுங்கள். சங்ககிரியில் இறங்கி ‘துணை ஓட்டுநர் எங்கே?’ என்று கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ‘கிளீனர் தம்பி’ என்றால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

கே: கிளீனர், லோடுமேன், ஆக்டிங் டிரைவர்: மூவரும் ஒருவரா? (வாசகி, மதுரை)

ப: மூன்று பேர். லோடுமேன் ஊரில் இருப்பார். மூட்டையை ஏற்றி இறக்குவதோடு அவர் வேலை முடிந்தது, வண்டியோடு போக மாட்டார். ஆக்டிங் டிரைவர் உரிமம் உள்ள முழு டிரைவர். வழக்கமான டிரைவருக்குப் பதிலாக ஒரு நடைக்கோ சில நாளுக்கோ வருபவர். கிளீனர் வண்டியோடு போய் வண்டியோடு வருபவர். லோடுமேன் வராத அன்று மூட்டை தூக்கச் சொல்வதும், டிரைவர் அசந்த இரவில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொல்வதும் கிளீனரைத்தான். மூன்று பெயரையும் நாம் குழப்பிக்கொள்ள அதுவே காரணம்.

கே: கேரளத்தில் பஸ் கிளீனரைக் ‘கிளி’ என்கிறார்களே, கிண்டலா? (பேருந்துப் பயணி, பொள்ளாச்சி)

ப: செல்லப் பெயர். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை. தனியார் பஸ்ஸின் வாசலில் தொற்றிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவி, கதவைத் திறந்து மூடி, மணியடித்து வண்டியை நகர்த்தும் ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. கிளீனர் என்ற சொல்லின் முதல் எழுத்துகளும் அதில் இருக்கின்றன. சொல் சுருங்கிக் கிளியானதா, கிளி வந்து சொல்லில் உட்கார்ந்ததா என்பதைப் பாலக்காட்டுக்காரர்களின் விவாதத்துக்கே விட்டுவிடுகிறேன்.

கே: எங்கள் மலேசியாவில் லாரி உதவியாளைக் ‘கெலிண்டான்’ என்கிறோம். வேறு நாடுகளில்? (வாசகர், கிள்ளான்)

ப: கெலிண்டான் மலாய்ச் சொல், உங்கள் ஊர்த் தமிழர் வாயிலும் நன்றாகப் புழங்குகிறது. பக்கத்து இந்தோனேசியாவில் ‘கெர்னெட்’. வேலையாள் என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆண்டவர்கள் போன பிறகும் சொல் லாரியில் தங்கிவிட்டது. வங்காளத்தில் ‘கலாசி’, கப்பல் வேலையாளின் பெயர் லாரிக்கு இறங்கி வந்தது. கென்யாவில் ‘டர்ன்பாய்’. எத்தனை வயதானாலும் அங்கே அவர் பையன்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் ‘ஸ்வாம்பர்’. 1880களில் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கிலிருந்து வெண்காரத்தை ஏற்றிக்கொண்டு 165 மைல் பாலைவனம் தாண்டி மொகாவி ரயில் நிலையத்துக்குப் போன வண்டிகள் உண்டு. இருபது விலங்குகள் பூட்டியவை. அவற்றில் ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் ஓட்டுபவர், இன்னொருவர் ஸ்வாம்பர். இறக்கத்தில் பின்வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை இழுத்துப் பிடிப்பது, விலங்குகளைக் கட்டி அவிழ்ப்பது, வழியில் சமைப்பது எல்லாம் ஸ்வாம்பர் பொறுப்பு. லாரி பிறப்பதற்கு முன்பே, உலகின் மறுகோடியில், நம் கிளீனரின் வேலை முழுசாக இருந்திருக்கிறது. இறக்கமும் பாரமும் உள்ள இடத்தில் ஓட்டுபவர் ஒருவரால் ஆகாது என்பதை அந்த மனிதர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

கே: ‘ஸ்டெப்னி’ என்கிறார்களே, அது யார்? (ஒன்பதாம் வகுப்பு மாணவர், கரூர்)

ப: யார் என்பதைவிட எங்கே என்று கேட்கலாம். அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் இயங்கிய டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். கடைத்தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்தது. அந்தச் சக்கரத்தை நடுரோட்டில் உருட்டி, தூக்கி, ஜாக்கி வைத்து மாட்டுவது கிளீனர் வேலை. லாரிச் சக்கரம் கார்ச் சக்கரம் போல ஒரு கையில் வராது, தம்பி.

கே: சட்டத்தில் கிளீனர் என்ற சொல் இருக்கிறதா? அல்லது பேச்சு வழக்கு மட்டும்தானா? (வழக்கறிஞர் குமாஸ்தா, சேலம்)

ப: நல்ல கேள்வி, பதிலும் நல்லது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் விளக்கம் இருக்கிறது, கிளீனருக்கு இல்லை. அதைப் பார்த்து, சட்டத்துக்கு இப்படி ஓர் ஆளே தெரியாது என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளி யார் என்று பட்டியலிடும்போது டிரைவர், கண்டக்டர் என்று தொடங்கி மூன்றாவதாகக் கிளீனரைச் சொல்கிறது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்ற வரம்பும், இரவு தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை என்ற பொறுப்பும் அந்தச் சட்டத்தில் இருந்தவை. விபத்து இழப்பீட்டுக்கான 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பின்னால் வந்த திருத்தத்தில், மோட்டார் வண்டி தொடர்பாக அமர்த்தப்படும் ‘டிரைவர், ஹெல்பர், மெக்கானிக், கிளீனர்’ என்று பெயர் சொல்லியே சேர்த்தார்கள். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் இந்த இரண்டும் இணைக்கப்பட்டன.

ஓட்டை எங்கே என்றால், 1961 சட்டம் ஐந்து தொழிலாளிகளாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் பொருந்தியது. நம் பக்கத்து லாரித் தொழிலில் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் ஏராளம். ஒரு டிரைவர், ஒரு கிளீனர், சில இடத்தில் ஓனரே டிரைவர். சட்டம் எழுதிய 8 மணி நேரம் அந்தக் கேபினுக்குள் ஏறியதே இல்லை.

கே: என் வண்டிக் கிளீனருக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அவன் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? அவன் பேர் எந்தப் பேப்பரிலும் இல்லை. (லாரி டிரைவர், திருச்செங்கோடு)

ப: உங்கள் கடைசி வாக்கியம்தான் என்னை உறுத்துகிறது, அண்ணாச்சி. முதலில் கணக்கு. உயிரிழப்பு என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்பச் சட்டம் தரும் எண்ணால் பெருக்க வேண்டும். 20 வயதுக்கு அந்த எண் 224. மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்றால் 6,000ஐ 224ஆல் பெருக்கி 13,44,000 ரூபாய். அதே ஆளுக்கு ஓனர் நோட்டில் 6,000 என்று எழுதியிருந்தால் 6,72,000. எதுவுமே எழுதாமல், ‘சும்மா கூட வந்தான்’ என்று சொல்லிவிட்டால், அவன் வேலைக்காரன்தான் என்று நிரூபிக்கவே அவன் தாய் அலைய வேண்டும்.

பல வண்டிகளில் ஓனர் டிரைவருக்குப் பணம் கொடுப்பார், டிரைவர் தன் பங்கிலிருந்து கிளீனருக்குக் கொடுப்பார். உங்கள் வண்டியும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அதில் தவறில்லை. ஆனால் எழுத்தில் இருக்கட்டும். ட்ரிப் ஷீட்டில் உங்கள் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் எழுதுங்கள். பேட்டாவைக் கையில் கொடுக்காமல் அவன் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். ஜி-பே ரசீதும் சாட்சிதான். ஓனரிடம் சொல்லி இன்ஷூரன்ஸ் பாலிசியை வாங்கிப் பாருங்கள். ‘சம்பளம் பெறும் டிரைவர், கண்டக்டர், கிளீனர்’ ஆகியோருக்கான பொறுப்பு என்று தனியாக ஒரு வரி உண்டு. எத்தனை பேருக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறது என்று அதில் தெரியும். சிறு தொகைதான், விட்டுவிடாதீர்கள். இ-ஷ்ரம் தளத்திலும் அவனைப் பதிந்துவிடுங்கள். 16 முதல் 59 வயதுவரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளிக்கு அது திறந்திருக்கிறது.

கே: எங்கள் தெருவில் 13 வயதுப் பையன் கிளீனராகப் போகிறான். ‘தொழில் கத்துக்கட்டும்’ என்கிறார்கள். (அங்கன்வாடிப் பணியாளர், தருமபுரி)

ப: கூடாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் அமர்த்த முடியாது. இன்றே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். ‘கிளீனர் பையன்’ என்று நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்லிச் சொல்லித்தான், அந்த இடத்தில் ஒரு சிறுவன் இருப்பது யார் கண்ணையும் உறுத்தாமல் போயிற்று.

கே: சண்டையில் ‘நீ கிளீனர் வேலைக்குத்தான் லாயக்கு’ என்று திட்டுகிறார்களே! (இல்லத்தரசி, வேலூர்)

ப: திட்டுபவரை நள்ளிரவில், மழையில், ஏற்றிய லோடின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டச் சொல்லுங்கள். லாயக்கு என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொண்டு இறங்குவார்.

கே: சினிமாவில் கிளீனருக்கு மரியாதை கிடைத்திருக்கிறதா? (திரைப்பட ரசிகர், புதுச்சேரி)

ப: பெரும்பாலும் சிரிக்க வைக்கும் துணைப் பாத்திரம். ஒரு நல்ல விதிவிலக்கு சத்யஜித் ராயின் ‘அபிஜான்’, 1962இல் வந்தது. சௌமித்ர சாட்டர்ஜி டாக்சி டிரைவர் நரசிங், ரவி கோஷ் அவருடைய உதவியாள் ராமா. நகைச்சுவை அதிலும் உண்டு. ஆனால் டிரைவரின் கோபத்தையும் சறுக்கலையும் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு மனிதன் என்ற அளவுக்கு ராய் அவரை வளர்த்திருக்கிறார். தேடிப் பாருங்கள்.

கே: வண்டி முழுக்கக் கேமரா போட்டாச்சு. ஃபாஸ்டேக் வந்தாச்சு. மாநில எல்லை செக்போஸ்ட்டும் போயாச்சு. இன்னும் கிளீனருக்குச் சம்பளமும் சாப்பாடும் எதற்கு? (இரண்டு லாரி உரிமையாளர், நாமக்கல்)

ப: உங்கள் கைக்கணக்கை நான் குறைத்துப் பேச மாட்டேன். டீசல், டோல், வண்டித் தவணை மூன்றும் போக மிஞ்சுவது என்ன என்று இரண்டு லாரிக்காரருக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்லும் மாற்றங்களும் உண்மை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் எல்லை வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் ஃபாஸ்டேக் கட்டாயம். ரேடியல் டயரால் பஞ்சரும் குறைந்தது. கிளீனர் இறங்கி ஓடிய பல ஓட்டங்கள் இப்போது இல்லை.

ஆனாலும் கேமரா காட்டும், செய்யாது. ஜோடி டயருக்கு நடுவே கல் இருப்பதை எடுக்காது. கட்டை வைக்காது. தளர்ந்த கயிற்றை இறுக்காது. டிரைவரின் கண் சொருகும் பின்னிரவில் ‘அண்ணா, ஒரு டீ அடிச்சிட்டுப் போலாமா?’ என்று கேட்காது. தொப்பூர் இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் போய் மோதிய லாரிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால், ‘கியர்ல விடுங்கண்ணா’ என்று சொல்ல ஒரு வாயாவது இருக்கும். தேசிய பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2018இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கிளீனரையும் எடுத்தால் கேபினில் ஒரே ஒரு மனிதர். அவருக்கு மாரடைப்பு வந்தால்கூடப் பார்க்க ஆளில்லை.

இன்னொன்றையும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். ‘டிரைவர் கிடைக்கவில்லை’ என்று லாரிப் பேட்டைக்குப் பேட்டை பேசிக்கொள்கிறீர்கள். டிரைவர் எங்கிருந்து வந்துகொண்டிருந்தார்? டிரைவிங் ஸ்கூல் உரிமத் தேர்வுக்குத் தயார் செய்யும். லோடு ஏற்றிய வண்டி மலையில் எந்த கியரில் இறங்க வேண்டும், தண்ணீர் லோடு டேங்கரில் எப்படி அலையும், வாழைத்தார் லோடில் கயிறு எங்கே பட்டால் காய் கன்றும் என்பதெல்லாம் இடது சீட்டில் வருடக்கணக்காக உட்கார்ந்து கற்ற பாடம். அந்தச் சீட்டைக் காலி செய்துவிட்டால் உங்கள் மகன் காலத்தில் இந்த வண்டிகளை ஓட்ட யார் வருவார்?

சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் வழியாகக் கிளீனரைப் பார்க்காதீர்கள். 18 வயது நிரம்பிய ஒருவரைப் பயிற்சி டிரைவராகச் சேருங்கள். இன்னின்ன மாதத்தில் உரிமம் எடுக்க வைப்பேன், எடுத்ததும் இரண்டாவது டிரைவர் சம்பளம் என்று வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகும் புது லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் ஆகிவிட்டது. வெயிலுக்குப் பயந்து இந்தத் தொழிலை விட்டு ஓடிய பிள்ளைகளைத் திரும்ப அழைக்க இதைவிட நல்ல நேரம் வராது.

கே: பெண்கள் கிளீனராக இருக்கலாமா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

ப: எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தடுப்பது நெடுஞ்சாலை ஓரத்தில் சுத்தமான கழிப்பறையும் பாதுகாப்பான தங்குமிடமும் இல்லாததுதான். இன்றைக்கு அங்கே இருக்கிற ஆண்களுக்கும் அவை இல்லை. ஒருவருக்குக் கட்டினால் இருவருக்கும் ஆகும்.

கே: எனக்கு 18 வயது. சிமெண்ட் லோடு வண்டியில் கிளீனர். காலி ரோட்டில் டிரைவர் அண்ணன் ஸ்டீயரிங்கைக் கொடுக்கிறார். ஓட்டிப் பழகலாமா? எப்போது நானும் டிரைவர் ஆவேன்? (சங்ககிரி)

ப: ரோட்டில் ஓட்டாதீர்கள், தம்பி. உரிமம் இல்லாமல் ஓட்டினால் உங்களுக்கு 5,000 ரூபாய் அபராதம், வண்டியைக் கொடுத்தவருக்கும் தனியாக அபராதம், சிறையும் வரலாம். விபத்து நடந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தான் கொடுத்த இழப்பீட்டை ஓனரிடமே திரும்பக் கேட்கும். டிரைவர் அண்ணன் உங்கள் மேல் வைத்த பாசம் அவர் வேலைக்கே உலை வைத்துவிடும்.

வழி இதோ. இப்போதே காருக்கான எல்.எல்.ஆர். போடுங்கள். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டும் தேர்வில் தேறி எல்.எம்.வி. உரிமம் எடுங்கள். அதை எடுத்து ஒரு வருடம் ஆனால்தான் லாரிக்கான எல்.எல்.ஆர். கிடைக்கும்; சரக்கு வண்டியை ரோட்டில் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்கவும் வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே 20 வயதில் முதலில் சின்ன வண்டியில் கை பழகிவிட்டு, பிறகு பெரிய வண்டிக்கு வரலாம். பின்னாளில் பெட்ரோல், எரிவாயு டேங்கர் ஓட்ட ஆசை இருந்தால் அதற்குத் தனிப் பயிற்சிச் சான்றும் வேண்டும்.

எட்டாம் வகுப்பு முடிக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். அந்த நிபந்தனையை 2019இல் நீக்கிவிட்டார்கள். ஆதார், வயதுச் சான்று, போட்டோ மூன்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த லீவு நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள். விண்ணப்பத்தை இணையத்திலேயே போட்டுவிட்டுப் போனால் வரிசை குறையும்.